காணியும் பாடும்

பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள கிராமங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் சிலர், "எல்லாம் வெள்ளைக்காரனால் வந்த கேடு, அதற்கு முன் ஆண்டையும் ஆளும் தகப்பனும் பிள்ளையும் போல் இருந்தார்கள்" என்று சொல்லி வருகிறார்கள். வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. ஆனால் இந்தத் தகப்பன் பிள்ளைக் கதையைச் சற்று விசாரித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

தொண்டை மண்டலத்தில் காணியாட்சி என்றிருந்ததற்கே பின்னால் மிராசு என்று பெயர் வந்தது. காணிக்காரர் பெரும்பாலும் வேளாளரும் பார்ப்பனரும். (பார்ப்பனரை மட்டும் சொல்லி வேளாளரை விட்டுவிட நமக்கு மனமில்லை.) பயிரிடப் பாயகாரி; சேற்றிலிறங்கச் சேரியில் ஒதுக்கப்பட்ட படியாள். அந்தப் படியாளின் குடிசை நின்ற மனையும் காணிக்காரனுடையதே. கூலி போதாதென்று வாய் திறந்தால் குடிசையைக் காலி செய்யவேண்டியதுதான். டச்சுக்காரர் பழவேற்காட்டில் 1613-ல் கோட்டை கட்டினார்கள். பஞ்ச காலங்களில் வயிற்றுக்கில்லாமல் தம்மையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் இத்துறையிலிருந்துதான் பத்தேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அப்போது இந்தத் தகப்பன்மார் எங்கே போயிருந்தார்கள்?

நிற்க. 1763-ல் ஆர்க்காட்டு நவாபு செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கம்பெனிக்கு வேண்டியது வரி. ஆதலால் பழைய காணியை ஒழிக்கவில்லை. காகிதத்தில் ஏற்றிக் கெட்டிப்படுத்திற்று. 1816-ல் எல்லிஸ் துரை மிராசு உரிமையை விவரித்து எழுதினார். தரிசு நிலத்துக்கு ஓர் ஏழை தர்க்காஸ்து கொடுத்தாலும் முதல் உரிமை மிராசுதாருக்கென்று சர்க்காரே விதி வைத்தது. 1843-ல் அடிமை முறைக்குச் சட்ட ஆதரவு இல்லையென்றார்கள். மனை மட்டும் ஆண்டையிடமே இருந்தது. 1891-ல் கலெக்டர் திரமென்கீர் இந்த அவலத்தை எழுதி அனுப்பிய பிறகே, 1892-ல் பஞ்சமருக்கு நிலம் என்ற உத்தரவு பிறந்தது. அந்நிலங்களும் ஏராளமாகப் பிறர் கைக்குப் போயின. 1994-ல் செங்கற்பட்டில் அவற்றைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் பலியானார்கள். கேட்டது தம் நிலத்தை, கிடைத்தது குண்டு!

இனி ஏரிக்கு வருவோம். தண்ணீருக்குப் பட்டா இல்லை, அடங்கல் இல்லை. ஆயினும் அங்கே 'பாடு' என்று ஒரு வழக்கமுண்டு. இறால் வலை கட்டத் தகுந்த இடங்களைச் சில ஊர்த் தலைக்கட்டுகள் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்ளுகிறார்கள். பணமுள்ளவனே நல்ல இடத்தையெல்லாம் வளைத்துக்கொள்ளாதபடி செய்த நல்ல ஏற்பாடென்றே ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் அந்தச் சீட்டில் பெயர் ஏறப் பிறப்பு வேண்டும். சேரி மீனவருக்கு வெகுகாலம் அதில் இடமில்லை. இருளரோ சேற்று நீரில் கையால் தடவி இறால் பிடிக்கவேண்டியவர்கள். நிலத்தின் கேட்டையெல்லாம் வெள்ளைக்காரன் தலையில் கட்டுகிறவர்களை ஒன்று கேட்கின்றோம்: வெள்ளைக்காரன் சங்கிலி போட்டு அளக்காத தண்ணீரில் எல்லைக்கல் நட்டது யார்?