கையைக் காட்டுங்கள்!

வானொலியில் என்னோடு வேலை செய்யும் அக்காவுக்கு, காறை எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடத்தில் வீக்கம். சீட் பெல்ட் பட்டாலே முகம் சுளிப்பார். இரண்டு வயது மகளைத் தூக்குவதையே நிறுத்திவிட்டார். “ஹேண்ட்பேக் கனம்தான்” என்று தைலம் தேய்த்துக்கொள்வார்.

உள்ளங்கையில் அவ்வப்போது சீழ்க் கொப்புளமும் வரும். அதற்குத் தோல் டாக்டர். வலிக்கு எலும்பு டாக்டர். ஒருவரிடம் மற்றதைச் சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை. இப்படியே நான்கு ஆண்டுகள்.

கடைசியில் மூட்டுவாத நிபுணர் ஒருவர், “கையைக் காட்டுங்கள்” என்றார். எலும்பு ஸ்கேனில் மாட்டுத் தலை போல ஓர் உருவம்: நெஞ்செலும்பின் மேல்பகுதி தலை, இரு காறை எலும்புகளும் கொம்பு. நோயின் பெயர் ‘சாஃபோ’. 1987இல் பிரான்ஸ் மருத்துவர்கள் வைத்தது. அரிய நோய். ஒட்டிக்கொள்ளாது, புற்றுநோயும் அல்ல. முழுதாகத் தீராவிட்டாலும் மருந்தால் கட்டுக்குள் வைக்கலாம்.

நெஞ்சு வலித்தால் முதலில் இதயத்தைப் பரிசோதியுங்கள். கிளினிக் போகும்போது, தோலில் வருவது உட்பட எல்லாத் தொல்லைகளையும் எழுதிக்கொண்டு போங்கள். ‘இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை’ என்று நாமே முடிவு செய்ய வேண்டாம்.

அக்காவுக்கு இப்போது வலி குறைவு. மகளைத் தூக்கலாம். ஆனால், அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள்.