கிளை எத்தனையானாலும் கையெழுத்து ரெண்டு

மாட்டுங்கா, செம்பூர்ல நம்ம ஆளுங்க வீட்டுப் பிள்ளைங்க நிறைய பேர் சாஃப்ட்வேர்ல இருக்காங்க. 'கிட்'ல எத்தனை பிராஞ்ச் வைக்கிறது, ரிவ்யூ அவசியமான்னு பேசிக்குவாங்க. பிராஞ்ச்னா அசலைத் தொடாம தனியா வேலை பார்த்து, அப்புறம் சேர்க்கிறது. நான் பி.காம்., பேங்க் ஆபீசர். கோடு தெரியாது, மேக்கர்-செக்கர் தெரியும் :-)

2010ல வின்சென்ட் டிரீசென் சொன்ன 'கிட்-ஃப்ளோ'வுல டெவலப், ரிலீஸ், ஹாட்ஃபிக்ஸ்னு ஏகப்பட்ட கிளை. அடிக்கடி வெளியாகிற வெப் சாஃப்ட்வேருக்கு எளிய முறையே போதும்னு 2020ல அவரே எழுதிட்டார். சின்ன டீமுக்கு ஒரு மெயின், ரெண்டு மூணு நாள்ல சேர்ந்துடுற குட்டிக் கிளைகள் போதும்.

ரிவ்யூவை மட்டும் விடாதீங்க. 2018ல வெளிவந்த பஞ்சாப் நேஷனல் பேங்க் மோசடி ஞாபகம் இருக்கா? மும்பை பிராடி ஹவுஸ் கிளையிலிருந்து ஸ்விஃப்ட்ல போன உத்தரவாதங்கள் கோர் பேங்கிங்ல ஏறவே இல்லை. ரெண்டுக்கும் இணைப்பில்லாததால பக்கவாசல் திறந்தே கிடந்தது. அதனால, டீம் லீடரே ஆனாலும் மெயின்ல நேரா 'புஷ்' பண்ண முடியாதபடி பூட்டுங்க. எழுதினவரே ஒப்புதல் தரக்கூடாது. ஆயிரம் வரியை மொத்தமா நீட்டினா படிக்காமலே கையெழுத்து விழும். வவுச்சர் கட்டுல நாங்க பார்க்காததா!

அவசரம்ங்கிறீங்களா? அவசரத்துலதாங்க ரெண்டாவது கண்ணு வேணும்.