பழைய காமிராவும் பொறுமையுள்ள கண்ணும்



உங்கள் வீட்டு அலமாரியில் பழைய காமிரா ஒன்று உறங்கிக் கொண்டிருக்கிறதா? வளைகுடா நாட்டில் உழைத்த தந்தையோ தமையனோ விடுமுறையில் வாங்கி வந்ததாக இருக்கலாம். கைபேசியிலேயே படம் எடுக்கும் இக்காலத்தில் இது எதற்கு என்று கருதிப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912-1996) சென்னையில் வாழ்ந்த இயற்கையியல் அறிஞர். பல காமிராக்களின் உறுப்புகளை ஒன்றுசேர்த்துத் தாமே ஒரு கருவியை அமைத்துக் கொண்டார். அதன் பெருங்கனத்தை எண்ணி, வேடிக்கையாக 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் சூட்டினார். வண்ணப் படங்கள் பரவிய பின்னரும் கறுப்பு வெள்ளையை அவர் கைவிடவில்லை. 1950இல் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் தொடங்கிய இயற்கைப் பத்தியை, 1996இல் மறையும் வரை 46 ஆண்டுகள் எழுதினார். புதிது புதிதாகக் கருவி வாங்குவதில் அன்று, கையிலுள்ள கருவியை முழுமையாக அறிவதிலேயே இன்பம் நிலைக்கும் என்பதற்கு அவர் வாழ்வே சான்றன்றோ!

இக்கலையின் வேரில் நம் முன்னோரின் உழைப்பும் உண்டு. பஸராவில் பிறந்த இப்னு அல்ஹைதம், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் 'கிதாபுல் மனாளிர்' என்னும் நூலை இயற்றினார். பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே நாம் காண்கிறோம் என விளக்கினார். சிறு துளை வழியே இருட்டறைக்குள் புகும் ஒளியையும் ஆராய்ந்தார். காமிரா என்பதும் அத்தகைய ஓர் இருட்டறையே.

இரும்பையிலிருந்து வடக்கே மரக்காணம் செல்வோர், வெயிற்காலத்தில் வெண்ணிறக் குவியல்களாய் உப்பளங்களைக் காணலாம். அங்கே படம் எடுத்தால் உப்பு சாம்பல் நிறமாய்த் தோன்றி ஏமாற்றும். காமிராவின் ஒளிமானி எதனையும் நடுத்தர வெளிச்சமாகவே கணக்கிடுவதால் நேரும் குறை இது. மானி காட்டும் அளவினும் ஒரு படி கூடுதலாக ஒளியை அனுமதித்தால் உப்பு வெண்மையாகவே அமையும். 2024இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற கழுவேலியும் அருகிலேயே உள்ளது. பனிக்காலக் காலையில் நீர்ப்பறவைகளுக்காக அங்கே காத்திருப்பதும் ஒரு கல்வியே.

எனினும் இக்கடற்கரைக் காற்று காமிராவுக்குப் பகை. தோலுறை ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். லென்சில் பூஞ்சை படரும். ஆகவே காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். கரையில் நின்று லென்சைக் கழற்றாதீர்கள். வீடு திரும்பியதும் மெல்லிய துணியால் உப்புப் படிவைத் துடைத்துவிடுங்கள்.

இன்னுமொரு வேண்டுகோள். உப்பு வாரும் தாய்மாரைப் படம் எடுக்குமுன் அவர்தம் அனுமதியைக் கேளுங்கள். வெயிலில் வெந்து உழைப்பவர் நமக்குக் காட்சிப் பொருள் அல்லர். எடுத்த படத்தில் ஒரு பிரதியை அவர்கள் கையில் சேர்ப்பியுங்கள்.

படச்சுருளில் 36 படங்களே உண்டு. கைபேசியிலோ ஆயிரக்கணக்கில் எடுத்துத் திரும்பிப் பாராமலே விடுகிறோம். எண்ணி எடுத்த படமே நெஞ்சில் தங்கும். விடுமுறை நாளொன்றில் அந்தப் பழைய காமிராவைத் தூசி தட்டி எடுங்கள். பாட்டியாரின் முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து, தாளில் அச்சிட்டு, பின்புறம் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் அதற்காக உங்களை வாழ்த்துவர்.