மீன் வண்டி வாங்கப் போறீங்களா? லைசென்ஸ், பர்மிட், வரி... எல்லாமே ஒரு எண்ணைப் பொறுத்ததுதான்!

கன்னியாகுமரி மாவட்டம் இனயத்தில் மீன் ஏலம் எடுத்தால் மட்டும் போதாது. ஐஸ் போட்டு, வண்டி பிடித்து, மார்த்தாண்டத்துக்கோ களியக்காவிளை தாண்டி கேரளாவுக்கோ நேரத்துக்கு அனுப்ப வேண்டும். வாடகை கட்டுப்படியாகாமல் சொந்த வண்டி எடுக்க நினைப்பவர்கள் ஷோரூமில் முதலில் கேட்பது, "ஒரு டன் வண்டியா, ஒன்றரை டன் வண்டியா?" என்பதுதான்.

ஆனால், சட்டம் பார்ப்பது அந்த டன் கணக்கை அல்ல. ஆர்.சி.யில் பதிவாகும் 'மொத்த எடை'யை. அதாவது வண்டியின் சொந்த எடையும், அது ஏற்ற அனுமதிக்கப்பட்ட பாரமும் சேர்ந்தது.

எந்த லைசென்ஸ் வேணும்?

மொத்த எடை 7,500 கிலோ வரை என்றால் இலகுரக வாகன (எல்.எம்.வி) லைசென்ஸ் போதும். தனி 'டிரான்ஸ்போர்ட்' அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6-ல் தீர்ப்பளித்தது. அதுவரை விபத்து நடந்தால், "டிரைவரிடம் உரிய லைசென்ஸ் இல்லை" என்று இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் வழக்காடி வந்தன. 7,500 கிலோவைத் தாண்டிவிட்டால் அதற்குரிய லைசென்ஸ் கட்டாயம்.

பர்மிட் எடுக்கணுமா?

மோட்டார் வாகனச் சட்டம் 66-வது பிரிவின்படி, மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வாகனத்துக்குப் பர்மிட் வேண்டாம். வண்டி 1,700 கிலோ, பாரம் 1,300 கிலோ என்றால் தப்பித்தீர்கள். பாரம் 1,500 கிலோ என்றால் மொத்தம் 3,200. பர்மிட் எடுத்தே ஆக வேண்டும்.

அந்த வண்டி கேரளாவுக்கும் போகணும்னா நேஷனல் பர்மிட் வசதி இருக்கிறது. அதற்கான ஒருங்கிணைந்த கட்டணம் ஆண்டுக்கு 16,500 ரூபாய். சின்ன வண்டிக்குப் பர்மிட் விலக்கு இருந்தாலும், அது வரி விலக்கு ஆகாது. வாகன வரி மாநிலங்களின் கையில் இருப்பதால், கேரள விதியைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரி எவ்வளவு?

இரண்டு வரிகள் உண்டு. முதலாவது ஜி.எஸ்.டி. சரக்கு வாகனங்களுக்கு 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை 8 லட்சம் என்றால், 2.24 லட்சம் கட்ட வேண்டிய இடத்தில் 1.44 லட்சம். மிச்சம் 80,000 ரூபாய்.

வரி விதிக்கப்படும் பொருளை விற்கும் வியாபாரிகள், வண்டிக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். ஃப்ரெஷ் மீனுக்கு ஜி.எஸ்.டி கிடையாது. அதனாலேயே மீன் வியாபாரிக்கு அந்தக் கழிவும் கிடையாது. கட்டிய பணம் முழுக்கச் செலவுதான். "ஜி.எஸ்.டி திரும்பக் கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பி கடன் கணக்குப் போடாதீர்கள்.

இரண்டாவது, மாநில வாகன வரி. 1974-ம் ஆண்டுச் சட்டத்தின்படி வசூலிக்கப்படும் இதுவும் எடையைப் பொறுத்தே மாறும். 2023 இறுதியில் தமிழ்நாடு அரசு வாகன வரியை உயர்த்தியது. எனவே பழைய வண்டிக்காரர் சொல்லும் தொகையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் வேற என்ன செலவு?

எஃப்.சி. புது வண்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம்.

மீன் வண்டிக்காரர்கள் மறந்துபோவது இன்னொன்று: ஐஸும் பெட்டியும் பாரம்தான். 1,300 கிலோ பாரம் என்றால் 1,300 கிலோ மீன் ஏற்றலாம் என்று அர்த்தமில்லை. அளவு மீறினால் 194-வது பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அதிகப் பாரத்தை இறக்கிய பிறகே வண்டி நகரும். அதுவரை ஐஸ் காத்திருக்காது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

புது வண்டி என்றால் மொத்த எடை எத்தனை கிலோ என்று டீலரிடம் எழுத்தில் கேளுங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால், பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு வரி, எஃப்.சி, இன்ஷூரன்ஸ் எதுவரை இருக்கிறது, ஃபைனான்ஸ் கடன் பாக்கி உண்டா, அபராதம் நிலுவையா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.