தானமன்று, கூலி

மட்டாஞ்சேரியில் தங்கி ஆய்வு செய்துவரும் இக்காலத்தில் நான் கேட்டுச் சலித்த வாசகம் ஒன்றுண்டு: ‘பந்தை உதைத்தவனுக்கு அரசாங்கம் சும்மா வேலை கொடுக்கிறது.’ தேர்வாணையத் தரவரிசையில் இடம்பெற்றும் நியமனம் கிட்டாமல் காத்திருக்கும் நண்பரொருவர் நேற்று தேநீர்க்கடையில் இதையே சினந்து சொன்னார். அவருடைய சினம் நியாயமானது. அது தவறான ஆள்மீது பாய்கிறது என்பதே என் வாதம்.

மாநில அணிக்கு ஆடியவரின் வாழ்வு எத்தகையது என்பதை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பக்கத்து ஃபோர்ட் கொச்சியைச் சேர்ந்தவர் டி. ஏ. ஜாஃபர். 1973 டிசம்பர் 27 அன்று எறணாகுளம் மகாராஜா கல்லூரி மைதானத்தில் ரயில்வே அணியை 3-2 என வென்று கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையைக் கைக்கொண்டபோது அவர் அணியின் துணைத்தலைவர். மூன்று கோல்களையும் அடித்த தலைவர் டி. கே. எஸ். மணி, ஃபாக்ட் உர ஆலையின் ஆட்டக்காரர். ஜாஃபரும் ஃபாக்டுக்கும் பின்னர் களமசேரி பிரீமியர் டயர்ஸுக்கும் ஆடியவர். உரமும் டயரும் செய்த ஆலைகள் ஆட்டக்காரர்களைச் சம்பளத்தில் வைத்திருந்தது அறச்சிந்தையாலா? தம் பெயரை நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் காண்பதற்காக. அங்கே விற்பனையானது அவர்களுடைய உழைப்பு. சம்பளப் பட்டியலிலோ அவர்கள் ஆலை ஊழியர்கள். ஆட்டம் என்ற சொல்லுக்கே அதில் இடமில்லை. பிற்காலத்தில் அவ்வணிகள் களத்தைவிட்டு மறைந்தன. ஜாஃபர் பயிற்சியாளராகி 1992இலும் 1993இலும் கோப்பையை மீண்டும் கேரளத்துக்குக் கொண்டுவந்தார். 2023 டிசம்பரில் அவர் மறைந்தபோது செய்தி சில அங்குலங்களில் முடிந்தது.

1992இல் ஜாஃபரிடம் பயின்ற அணியின் தலைவர் வி. பி. சத்யன். 1990, 1991 ஆகிய ஈராண்டுகளிலும் ஃபெடரேஷன் கோப்பையை வென்ற கேரளக் காவல்துறை அணியினர். இந்திய அணியின் தலைவர். பின்னர் சென்னையில் இந்தியன் வங்கி. காயங்கள் அவரை இறுதிவரை விடவில்லை. 2006 ஜூலை 18 அன்று பல்லாவரம் ரயில் நிலையத்தில் 41ஆம் வயதில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அம்மரணத்துக்கு ஒற்றைக் காரணம் கற்பிக்க நான் துணியேன். ஆயினும் ஒன்றைக் கேட்பேன்: உலைக்களத்தில் கை வெந்த தொழிலாளிக்கு ஈட்டுத்தொகை கோரச் சட்டம் வழிவகுத்திருக்கிறது, மாநிலத்தின் பெயரை மார்பில் தாங்கி முழங்காலை இழந்தவனுக்கு எந்தச் சட்டம் துணை நிற்கிறது? ஆடுவது வேலையன்று என்று முன்பே தீர்மானித்துவிட்ட சமூகம், அந்தக் காயத்தை அவனுடைய சொந்த விவகாரமாக்கிவிடுகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவர் வாழ்வைத் திரைப்படமாக்கிக் கண்ணீர் வடித்தோம்.

இன்னும் அண்மைய சான்று சி. கே. வினீத். விளையாட்டு ஒதுக்கீட்டில் திருவனந்தபுரம் கணக்காயர் அலுவலகத்தில் பணியமர்த்தப்பட்ட அவரை, வருகைப்பதிவு போதவில்லை என்று 2017இல் நீக்கினார்கள். ஆட்டத்துக்காக எடுக்கப்பட்டவர், ஆடச் சென்றதால் வேலையிழந்தார்! தனியார் கழகத்துக்கும் ஆடினாரே என்பர். உண்மை. அப்படியானால் எந்த ஆட்டம் பணி, எந்த ஆட்டம் விடுப்பு என்பதை நியமன ஆணையிலேயே எழுதியிருக்க வேண்டும். பின்னர் மாநில அரசு அவருக்குத் தலைமைச் செயலகத்தில் இடமளித்தது. அதையும் சலுகை என்றே செய்தியாக்கினோம்.

இந்தப் பாசாங்குக்கு உலகில் முன்னுதாரணம் உண்டு, அதுவும் ரக்பி ஆட்டத்தில். சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலியை இழந்த வட இங்கிலாந்துச் சுரங்க, ஆலைத் தொழிலாளர், இழந்த வேலைநேரத்துக்கு ஈடு கேட்டனர். அதிகம் கேட்கவில்லை, பறிபோன கூலியை மட்டுமே. 1893இல் ரக்பி ஒன்றியம் அத்தீர்மானத்தை 282க்கு 136 என்ற வாக்கில் தள்ளியது. பணம் வாங்கினால் ஆட்டத்தின் தூய்மை கெடுமாம். சொன்னவர்கள் பெரும்பாலும் சனிக்கிழமைக் கூலியை நம்பி உண்ணாதவர்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் கூடிய வடபுலக் கழகங்கள் பிரிந்து தனியமைப்புக் கண்டன. ரக்பி ஒன்றியம் தன் ஆட்டக்காரருக்கு வெளிப்படையாக ஊதியம் தர இசைந்ததோ 1995 ஆகஸ்டில்தான். சரியாக நூறாண்டு! அந்நூறாண்டில் மாவட்ட, மாகாண ஆட்டக்காரர் பலர் யாரோ ஒரு கனவானின் தயவில் கிடைத்த வேலையில் ஒண்டியிருந்து ஆடினர். நம் ‘விளையாட்டு ஒதுக்கீடு’ அதே தயவின் அரசாங்கப் பதிப்பு.

ஒதுக்கீட்டை ஒழிக்கச் சொல்லவில்லை. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஐ. எம். விஜயனைக் காவல்துறை வேலைதான் கரையேற்றியது. நான் கேட்பது இதுதான்: மாநிலத்துக்கு ஆடும் நாளும் பயிலும் நாளும் பணிநாளாகப் பதிவாகட்டும். களத்தில் பட்ட காயத்துக்கு, ஓய்வுக்குப் பின்னும், மாநிலமே மருத்துவம் பார்க்கட்டும். வேலை வேண்டாதவருக்கு ஆடும் ஆண்டுகளுக்கான ஒப்பந்த ஊதியம் கிடைக்கட்டும். அப்போது எழுத்தர் நாற்காலி எழுத்தருக்கே மிஞ்சும். தரவரிசையில் நிற்கும் என் நண்பருக்கு அதில் இழப்பேதுமில்லை, ஒருவேளை ஆதாயமே.

இதை இன்று காலை அவரிடம் நேரிலும் சொன்னேன். ‘அந்த ஊதியத்தை யார் தருவார்?’ என்றார். சத்யனுக்குச் சிலை எழுப்பலாம் என்றால் நிதி கேட்க மாட்டீர்களே என்றேன். தேநீருக்கு அவர்தான் காசு கொடுத்தார். வாதத்துக்கு இன்னும் இசையவில்லை.