இளையராஜாவே மறுத்தும் கோபம் தணியாதது ஏன்? ஸ்ரீவில்லிபுத்தூர் வீடியோவும் பார்த்தவர்களின் மனநிலையும்

2024 டிசம்பர் 15. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அர்த்த மண்டப வாசலில் இளையராஜா நிற்கும் வீடியோ வேகமாகப் பரவியது. 'ராஜாவுக்கே இந்த நிலைமையா?' என்று ஒரே கொந்தளிப்பு. மறுநாள் அவரே மறுத்தார். ஆனாலும் கோபம் அடங்கவில்லை. ஏன்?

என்ன நடந்தது?

திவ்ய பாசுரம் நிகழ்ச்சிக்காக வந்த ராஜா, ஜீயருடன் சாமி கும்பிடப் போனார். ஜீயரோடு அர்த்த மண்டபத்துக்குள் கால் வைத்தபோது நிறுத்தப்பட்டார். அர்ச்சகர்கள், ஜீயர்கள் போன்றோர் தவிர யாரும் உள்ளே போகும் வழக்கமில்லை, சொன்னதும் அவரும் ஏற்றுக்கொண்டார் என்றது கோயில் தரப்பு. தன்னை வைத்து வதந்தி பரப்புகிறார்கள், சுயமரியாதையை எங்கேயும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று எக்ஸ் தளத்தில் பதிவிட்டார் ராஜா.

பார்த்தவர்களுக்கு ஏன் வலித்தது?

வீடியோ என்னவோ சில நொடிதான். ஆனால் அதன் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் பட்டியலின மக்கள் நுழைய முடிந்ததே 1939 ஜூலையில்தான். நுழைவுப் பிரச்சினையால் விழுப்புரம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்கு சீல் வைக்கப்பட்டது 2023ல். வாசலில் நிறுத்தப்பட்ட அனுபவம் தன் வீட்டிலேயே இருப்பவருக்கு அந்தச் சில நொடி போதும். அந்த அனுபவம் இல்லாதவர்களுக்கோ வெட்கம், 'சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறோமே' என்ற குற்றவுணர்வு. உடனே ஷேர் செய்தால் கொஞ்சம் மனசு ஆறும்.

துண்டு துண்டாகப் பார்ப்பதில் ஆபத்தும் உண்டு. பக்கத்து ராஜபாளையத்தில் 2018 ஜனவரியில் ஆண்டாள் பற்றி வைரமுத்து ஆற்றிய நீண்ட உரையில், ஒரு மேற்கோள் மட்டும் பரவி போராட்டம் வரை போனது.

அப்போ கோபமே தப்பா?

இல்லை. ஆனால் ராஜாவுக்காகக் கோபப்பட்டவர்களில் சிலர், அவர் மறுத்ததும் அவரையே திட்டினார்கள். தனக்கு அவமானம் நடந்ததா என்று சொல்லும் உரிமை முதலில் அவருக்குத்தானே?

கோபம் போக வேண்டிய இடம் வேறு. அர்ச்சகர்கள் உள்ளே போகலாம், சரி. அர்ச்சகர் ஆக யாருக்கெல்லாம் உரிமை? வாரிசு முறையை ரத்து செய்யும் சட்டத்தை 1970ல் நிறைவேற்றியது தமிழக சட்டமன்றம். பயிற்சி பெற்ற பல சாதியினர் அர்ச்சகர்களாக நியமிக்கப்பட்டது 2021 ஆகஸ்டில். அதற்கும் வழக்குகள் வந்தன.

ராஜா ஏன் வாசலில் நின்றார் என்பதற்கு ஒரே நாளில் பதில் வந்துவிட்டது. இந்தக் கேள்விக்கு 50 வருடமாகியும் முழு பதில் வரவில்லை.