வட்டுக்கோட்டையில் இருந்த வழி

உயர்தர வகுப்பு மாணவர் பள்ளியிலிருந்தபடியே பல்கலைக்கழகப் பாடம் ஒன்றைப் படித்துத் தேறி, அதனைப் பின்னர்த் தம் பட்டத்தின் கணக்கிற் சேர்த்துக்கொள்ளலாகாதா? இப்படிக் கேட்டதும் நம்மிடையே பெரியோர் சிலர் முகஞ் சுளிக்கின்றனர். தரம் கெட்டுவிடுமாம்! அமெரிக்காவில் இவ்வழக்கம் 1950களிலிருந்து நடந்துவருகிறது. அதை விடுவோம். இந்தக் கனவான்கள் நமது வட்டுக்கோட்டையையாவது அறிவார்களா?

1823-ல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி 1855-ல் மூடப்பட்டது. 1857-ல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அங்கே பயின்றவர்களே. அதே மண்ணில் எழுந்த யாழ்ப்பாணக் கல்லூரி 1891-ல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பிற்காலத்தில் லண்டன் பட்டத்துக்கும் மாணவரைப் பயிற்றியது. பள்ளிச் சிறுவரும் பட்ட வகுப்பினரும் ஒரே வளவில் நடமாடிய காலம் அது. 1974-ல் யாழ்ப்பாண வளாகம் பிறந்தபோது அப்பட்டப் பிரிவு அதனோடு சேர்ந்தது. வளாகம் மக்களின் வெற்றி. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே ஒரு மதிலும் எழுந்துவிட்டது.

வடமராட்சியில் ஒரு கமக்காரனின் மகள் உயர்தரத்தில் வகையீடும் தொகையீடும் கற்கிறாள். பரீட்சை, பெறுபேறு, இசட் புள்ளி எனக் காத்திருந்து பல்கலைக்கழகம் புகுந்தால், அங்கும் முதலாண்டில் அவற்றையே மீண்டும் தொடங்குகிறாள். புள்ளி மயிரிழையிற் குறைந்தால், கற்றது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கோ கதை வேறு. கட்டணப் பள்ளியில் அவன் எழுதும் லண்டன் உயர்தரச் சித்தியை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல பட்டக் கணக்கிற் சேர்த்துக்கொள்கின்றன. அப்பொழுது மட்டும் தரத்தைப் பற்றி எவரும் வாய்திறப்பதில்லை!

திருநெல்வேலியிலுள்ள பல்கலைக்கழகமும், யாழ்ப்பாணத்திற் பிராந்திய நிலையம் வைத்திருக்கும் திறந்த பல்கலைக்கழகமும் முதலாண்டுப் பாடங்கள் இரண்டொன்றைத் தமிழில், கட்டணமின்றி, உயர்தர மாணவர்க்குத் திறந்துவிடவேண்டும். பெற்ற புள்ளியைப் பேணி வைக்கவேண்டும். 1945-ல் வென்ற இலவசக் கல்வி உயர்தர வகுப்பின் வாசலோடு நின்றுவிடவில்லையே!

நகரத்துப் பெரிய கல்லூரிகளே இதன் பயனை அள்ளிக்கொள்ளும் என்று நண்பர்கள் சிலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் நியாயமானது. தரம் பற்றிய கூக்குரலைப்போன்ற பாசாங்கன்று. விஞ்ஞான ஆசிரியர் இல்லாமல் தவிக்கும் பள்ளிகளை நாமும் அறிவோம். விரிவுரையாளர் முதலிற் போகவேண்டிய இடம் அதுவே. முதல் வகுப்பு நெடுந்தீவிலே நடக்கட்டும். நகரத்துக் கல்லூரிகள் தம் முறைக்குக் காத்திருக்கட்டும்.